லவ்டே அத்தை போகாத கிரகம்

எங்கள் பக்கத்தில் ஆறு பால் நிறத்தில் ஓடும். பீங்கானுக்காகத் தோண்டும் குழியிலிருந்து வரும் வெள்ளைக் களிமண் அதில் கரைந்திருக்கும். மரங்களின் இலை, வேலி, தபால்பெட்டி, தூங்கும் நாய் எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய வெள்ளை படிந்திருக்கும். இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரமான கார்ன்வாலின் பிற பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் எங்கள் சட்டைத் தோளைத் தட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள்.

லவ்டே கெஸல் அந்த வெள்ளையை வாழ்நாளெல்லாம் துடைத்தவர். ஜன்னல் விளிம்பு, கதவுக் குமிழ், கடிகாரத்தின் தலை என்று துடைத்துக்கொண்டே போவார். அவர் முன்னால் நகர நகர, பின்னால் அது வந்து உட்காரும். அவருக்கு அதன் மேல் கோபம் கிடையாது. அழையாமல் வீட்டுக்குள் வந்துபோகும் அடுத்த வீட்டுப் பூனையைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பார். பிறகு துணியை உதறிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அவருடைய மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன். குழி அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. எங்கள் பக்கம் உறவு இருக்கிறதோ இல்லையோ, வயதில் மூத்தவர்கள் அத்தை, மாமாதான். அதனால் அவர் எனக்கு லவ்டே அத்தை. அவருடைய கணவர் கார்ஃபீல்ட் மாமா.

அத்தை சிறு பெண்ணாக இருந்தபோது, உலர்ந்த களிமண் கட்டிகளிலிருந்து மணலைச் சுரண்டும் வேலைக்குப் போயிருக்கிறார். வலது கட்டைவிரல் நகம் அதனால் கோணியது, பிறகு நேரானதே இல்லை. மாமாவை அவர் முதலில் பார்த்தது தேவாலயத்துத் தேநீர் விருந்தில். பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டிருந்தாராம். ஆண்கள் பாட்டுக் குழுவில் மாமா அடிக்குரல். எல்லாரும் பாடும்போது அது தனியாகக் கேட்காது, தரை வழியாகக் காலில்தான் ஏறும்.

"கல்யாணம் பண்ணிக்கறியான்னெல்லாம் கேக்கல, தம்பி," என்று அத்தை ஒருமுறை சொன்னார். "மலையடிவாரத்துல ஒரு வீடு காலியா இருக்கு, மூணு ஜன்னல்னார். மூணுதானா, தொடச்சிடலாம்னேன். முடிஞ்சுது."

பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. மேசைக்கு நான்கு நாற்காலிகள் இருந்தன. நான் குடிவந்த பிறகு மூன்றாவதைத் துடைப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

குழியில் மாமாவின் வேலை தண்ணீர் பீய்ச்சுவது. பீரங்கி போன்ற ஒரு பெரிய குழாயை மலைப்பக்கத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். மலை கரைந்து பாலாக வழியும். களிமண் ஒரு பக்கம் போய்விடும். மிஞ்சிய வெள்ளை மணலைக் கொண்டுபோய் ஊர் ஓரத்தில் கொட்டுவார்கள். அது இன்னொரு மலையாக வளரும். இருந்த மலையை எடுத்து இல்லாத இடத்தில் வைப்பதுதான் தன் உத்தியோகம் என்று மாமா சொல்வார். அவர் வருடத்தில் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. புகைப்படங்களிலும் அவர் சரியாக விழுந்ததில்லை. எடுக்கிற நொடியில் தலையைத் திருப்பிவிடுவார். அந்த வீட்டுச் சுவரில் அத்தைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய மங்கல்தான் நின்றுகொண்டிருக்கும்.

குழிக்குப் போகிறவர்கள் எல்லாரும் மதியத்துக்குப் பாஸ்டி கொண்டுபோவார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் எல்லாவற்றையும் மாவுக்குள் வைத்து, அரைநிலா வடிவில் மடித்து, ஓரத்தைப் பின்னி, அடுப்பில் சுட்டது. எல்லார் வீட்டிலும் ஒரே அரைநிலா. யாருடையது எது என்று தெரியவேண்டாமா? அதற்காக வீட்டுப் பெண்கள் மாவின் ஒரு மூலையில் தின்னப்போகிறவரின் பெயரின் முதலெழுத்துகளைக் கத்திமுனையால் கீறி அனுப்புவார்கள். ஆண்கள் மறுமுனையிலிருந்து தின்றுகொண்டு வந்து அந்த எழுத்து மூலையைக் கடைசியில் மிச்சம் வைப்பார்கள். அது மண்ணுக்குக் கீழே இருக்கும் தட்டுக்காரர்களுக்கு. யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. பாறைக்குள்ளிருந்து தட்டுவார்கள் என்பார்கள். சோறு போட்டால் நல்ல மண் இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டுவார்களாம்.

மாமா மட்டும் முதல் துண்டையே அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். "எச்சில் பண்ணிட்டா குடுக்கறது?" என்பார். எழுத்துள்ள மூலையை விரலால் ஒருமுறை தடவுவார். பிறகு பிய்த்துத் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு செப்டம்பரில் லண்டனிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் வரும் விண்வெளித் தொடர் ஒன்றின் கதைக்கு இன்னொரு கிரகம் தேவைப்பட்டது. அவர்களிடம் கிரகம் கட்டப் பணமில்லை. எங்களிடம் ஒன்று தயாராக இருந்தது. வெள்ளைத் தரை, வெள்ளை மலை, நடுவே கண்ணாடிப் பச்சையில் அசையாத குளம். இயக்குநர் எய்ட்ரியன் ஃபேர்லி, முப்பது வயதுக்காரர், குழி விளிம்பில் நின்று ஒரு பிடி வெள்ளை மணலை அள்ளிப் பார்த்தார். பிறகு, "இங்க மனுஷங்ககூட இருக்காங்களா?" என்று கேட்டார். அவர் பக்கத்தில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். குழியில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று காட்டுவதற்காக அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது.

அந்தக் கிரகத்தில் வசிக்கும் ஜந்துக்களாக நடிக்க லண்டனிலிருந்து உயரமான ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் நாளே ஈரக் களிமண்ணில் ஒருவர் பின் ஒருவராக வழுக்கி விழுந்தார்கள். ஆறடி உயரமும் சேற்றில் நடந்த பழக்கமும் உள்ளவர்கள் கிடைப்பார்களா என்று எய்ட்ரியன் கேட்டார். டென்ஸில் பண்ட் முதலில் கை தூக்கினான். அவன் எங்கே எதற்குக் கேட்டாலும் கை தூக்குகிறவன். அடுத்த கை கார்ஃபீல்ட் மாமாவுடையது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலை அத்தையின் சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல பாடற வாயி, செவ்வாய்க்கிழமை பிசாசு மண்டைக்குள்ளயா?"

"பிசாசு இல்ல, லவ்டே. வேற ஊர்க்காரங்க."

"கொம்பு இருக்காமே? டென்ஸில் பொண்டாட்டி கடையில சொல்றா. நாலு பேருக்கு நடுவுல எனக்கு மூஞ்சி எங்க வச்சுக்கறதுன்னு தெரியல."

"கொம்பு இல்ல. காது மாதிரி ஒண்ணு."

"காதோ கொம்போ. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தக் கோமாளித்தனம்?"

மாமா தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எங்கயும் போனதில்லையே நாம. இதுக்கு ரயில் வேண்டாம், பஸ் வேண்டாம். குழிக்குள்ள எறங்கினா வேற உலகம். நீயும் வந்து பாரேன்."

"நான் வரமாட்டேன்."

"ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன்."

"வரமாட்டேன்னா வரமாட்டேன்."

அந்த வாரம் அத்தை அவரோடு பேசவில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, சட்டை தேய்த்து வந்தது, பாஸ்டி சுட்டு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

படப்பிடிப்பின் கடைசி நாள். உச்சிவெயில் சற்றுச் சாய்ந்ததுமே வெள்ளை மணல்மேட்டின் நிழல் குளத்தின் மேல் விழுந்துவிடும், அதற்குள் எடுத்தாகவேண்டும். மாமா, டென்ஸில், இன்னும் இரண்டு குழித் தொழிலாளிகள் என நான்கு ஜந்துக்களும் வரிசையாக நடந்து வந்து, விழுந்து கிடக்கும் விண்கலத்தைச் சுற்றி வளைக்க வேண்டும். சாம்பல் நிற ரப்பர் உடம்பு, ஒற்றை நீளக் கண், மூக்கு கிடையாது, கழுத்தில் இருக்கும் ஒரு கீறல் வழியாகத்தான் உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கவேண்டும். நான்கும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன.

கேமரா ஓடியது. அவர்கள் நடந்து வந்தார்கள். எனக்கு மிகப் பழக்கமான மனிதர்கள், எனக்கு மிகப் பழக்கமான தரையில், நான் இதுவரை பார்த்திராத ஏதோ ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள். காற்று நின்றிருந்தது. குளம் தன் பச்சையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது குழியின் சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

சங்கைப் பற்றி யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மற்ற நாட்களில் அது ஊதும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்ததில்லை. எங்களுக்கு அது சத்தமே இல்லை, நேரம். சங்கு ஊதியதும் நான்கு ஜந்துக்களும் நின்றன. ஒரே மாதிரி முழங்காலை மடித்தன. இருந்த இடத்திலேயே வெள்ளைத் தரையில் உட்கார்ந்துவிட்டன.

"கட்" என்று சொல்ல வாயைத் திறந்த எய்ட்ரியன் அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் கேமராவுக்கு மிக அருகில் இருந்த ஜந்து தன் மார்பைப் பிளந்தது. உள்ளே கைவிட்டு அரைநிலா வடிவில் ஒன்றை வெளியே எடுத்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது தலை குனிந்தபடி என்னவோ செய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டைப் பிய்த்துத் தரையில் வைத்தது.

அதற்குப் பிறகுதான் எய்ட்ரியனுக்குக் குரல் வந்தது.

"யாருய்யா உங்கள உக்காரச் சொன்னது?"

"சங்கு ஊதிடுச்சே, லண்டன்காரரே," என்றான் டென்ஸில், மண்டைக்குள்ளிருந்து.

"நீங்க இப்ப வேற கிரகத்துல இருக்கீங்க!"

"இருக்கட்டும். அங்க இருக்கறவனுக்கும் பசிக்கும்ல?"

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹிலரி என்ற பெண் ஓடிவந்து மாமாவின் மார்புக்குள் மோந்து பார்த்தாள். "அதானே! காலையிலேர்ந்து வெங்காய வாசனை. ரப்பர்தான் அழுகிடுச்சுன்னு பயந்துட்டேன். சாப்பாட்டை இதுக்குள்ளயா வச்சிருந்தீங்க?"

"சூடு ஆறாம இருக்கும்மா," என்றார் மாமா.

எய்ட்ரியன் அவர் பக்கத்தில் குந்தினார். அவருடைய கோபம் போய்விட்டிருந்தது, அல்லது எங்கோ மறந்து வைத்துவிட்டார். "அந்தத் துண்டை ஏன் கீழ வச்சீங்க?"

"கீழ இருக்கறவங்களுக்கு."

"கீழ யாரு இருக்கா?"

"யார் கண்டா? தட்டுவாங்க. அவ்வளவுதான் தெரியும்."

அவர்கள் சாப்பிட்டு எழுந்தபோது இன்னொரு முறை எடுக்க வெளிச்சம் இல்லை. நிழல் வந்து குளத்தை மூடிவிட்டது.

அன்று மாலை மாமா வீட்டுக்கு வந்தபோது அத்தை தட்டை வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. மாமா தானாகச் சொன்னார்: "நல்ல ஊரு, லவ்டே. கூட்டமே இல்ல."

"காலைக் கழுவிட்டு வாங்க, தரையெல்லாம் வெள்ளை," என்றார் அத்தை. அது அந்த வாரத்தின் முதல் வாக்கியம். அதன் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அல்லது அப்படித்தான் நான் நினைத்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் ஷூ கழற்றியிருந்தது. மறு ஷூவின் நாடா அவர் விரலில் சுற்றியிருந்தது.

அதன் பிறகு அத்தை அதிகம் துடைக்கவில்லை. வெள்ளை வந்து அலமாரியில் உட்கார்ந்தது, கடிகாரத்தில் உட்கார்ந்தது. விரட்ட ஆளில்லாததால் அதற்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். டிசம்பரில் ஒரு காலை, எனக்குப் பாஸ்டி மடித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த வாரம் பூரா எழுத்துப் போடல, தம்பி," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவர் அந்த வேஷம் போட்ட வாரம். பேசாம இருந்தது அவருக்கு ஒண்ணும் பெருசில்ல. அவரே பேசாத மனுஷன். அதான் மூலையில எழுத்துக் கீறாம வெறுமனே சுட்டு அனுப்பினேன். கல்யாணமான நாளா ஒரு நாள்கூட அப்படி அனுப்பினதில்ல. வந்து கேப்பார், சண்டை போடுவார், அப்புறம் சரியாப்போகும்னு பார்த்தேன்."

"கேக்கலயா அத்தை?"

"ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த திங்கக்கிழமை நானா எழுத்துப் போட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல." கத்தியை மேசையில் வைத்தார். "கோவப்பட்டிருந்தாகூடத் தேவல. ஒருவேளை பார்க்கவே இல்லையோ? இத்தனை வருஷமா நான் கீறிக் கீறி அனுப்பினதை அவர் எப்பவாவது பார்த்தாரா இல்லையான்னே இப்ப தெரியல. போய்க் கேக்கவும் முடியாது."

மாமா தினமும் அந்த எழுத்தைத் தடவுவார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பழக்கத்தில் விரல் போவதும் பார்ப்பதும் ஒன்றுதானா என்று எனக்கே சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

"எப்பப் போடறாங்களாம் அந்தப் படம்?" என்றார் அத்தை. "கூப்பிட்டார். போகல. அவர் போன அந்த ஊரை ஒரு தடவை பார்த்துடறேன்."

ஜனவரியில் என்று சொல்லியிருந்தார்கள். கதை சில வாரங்கள் ஓடும், எங்கள் குழி கடைசி வாரத்தில்தான் வரும். அந்தக் காலத்தில் ஒருமுறை போட்டால் போட்டதுதான், தவறவிட்டால் காற்றோடு போயிற்று. நான் தபால்நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று லண்டனுக்குப் பேசினேன். ஹிலரிதான் எடுத்தாள். மாமா இறந்ததைச் சொன்னதும், "ஐயோ, அந்த வெங்காய வாசனைக்காரரா?" என்றாள். பிறகு, "கடைசிப் பகுதி ரொம்ப நீளமாப் போயிடுச்சாம், கண்ணு. குழியில எடுத்தது நிறைய வெட்டிட்டாங்கன்னு கேள்வி. அந்த உக்கார்ற காட்சி இருக்கா இல்லையான்னு எனக்கு நெஜமாவே தெரியல" என்றாள்.

இதை அத்தையிடம் சொன்னேன். "இருந்தா இருக்கட்டும்" என்றார். ஆனால் அன்றிரவு சாப்பாட்டைத் தொடவில்லை.

அத்தையின் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை டென்ஸில் வீட்டுக்குப் போய் ஒத்திகை பார்த்தோம். அலை சரியாகக் கிடைக்காமல் திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாகப் பனி கொட்டியது.

"இது அவரா?" என்றார் அத்தை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு.

"இல்ல அத்தை, அது கதாநாயகன்."

"இது?"

"அது மழை மாதிரி ஒண்ணு. படத்துல இல்ல, டிவியில."

டென்ஸிலின் மனைவி கிளாரிஸ் சிரித்தாள். "எங்க வீட்டுல செய்தி வாசிக்கறவருக்கு இதுவரைக்கும் மூஞ்சியே கிடையாது அத்தை. குரலை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிக்கறோம்."

ஊருக்கும் ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் நடுவே வெள்ளை மணல்மலை நின்றது. அலைகள் அதைத் தாண்டி எங்களிடம் வருவதில்லை. மாமா தன் ஆயுளில் கரைத்து அனுப்பியதெல்லாம் சேர்ந்துதான் அந்த மலை. அத்தை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மணல்மலையைவிட உயரத்தில், ஊரை ஒட்டிய பழைய மலைமேல் இருக்கும் ஒரே கட்டடம் தேவாலயமும் அதை ஒட்டிய பள்ளிக்கூட மண்டபமும்தான். சாவி, பாட்டுக் குழுவை நடத்தும் ஹெட்லி ரண்டில் கையில் இருந்தது. தேவாலயத்தில் விசிலடித்த குற்றத்துக்காக ஒரு குருவியைத் துரத்தியவர் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு. அத்தை தொப்பி வைத்துக்கொண்டு அவரிடம் போனார். நான் கூடப் போனேன்.

"கோயில் கூரைக்குக் கீழ அந்தப் பொட்டியா?" என்றார் ஹெட்லி. "அதுவும் சனிக்கிழமை, பாட்டுப் பயிற்சி நேரத்துல? லவ்டே, நீயா கேக்கற? அதைப் பிசாசுப் பொட்டின்னு இந்த வாசல்ல நின்னு சொன்னவ நீதானே?"

"நான்தான் சொன்னேன்," என்றார் அத்தை. "இப்ப நான்தான் கேக்கறேன்."

ஹெட்லி சாவிக்கொத்தைக் கையில் புரட்டினார். "அடிக்குரல் வரிசையில அவன் எடத்துல இன்னும் யாரையும் நிக்கவைக்கல," என்றார், எங்களைப் பார்க்காமல். "பயிற்சிக்கு வரவேண்டியவன். எப்படி வந்தா என்ன. கொண்டாங்க."

கடைசிச் சனிக்கிழமை, டென்ஸிலும் நானும் தொலைக்காட்சியைத் தள்ளுவண்டியில் போர்வை சுற்றி மலையேற்றினோம். பாட்டுக் குழுவினர் கீர்த்தனைப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் வந்தது. அத்தை முன்வரிசையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஹெட்லி வாசலில் திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். "நான் பார்க்கல. காவலுக்கு நிக்கறேன்" என்றார். எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் திரை முழுசாகத் தெரிந்தது.

படம் தெளிவாக வந்தது. பனி இல்லை.

முதலில் எங்கள் குழியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அது எங்களுடையதாக இருப்பதை விட்டுவிட்டிருந்தது. வானம் இருட்டாகவும் தரை ஒளியாகவும் இருந்தன. பூமி தலைகீழாகி, வெளிச்சம் கீழிருந்து வருவது போல. பிறகு குளத்தின் ஓரத்தில் நான்கு உருவங்கள் தோன்றின, மண்டபமே பேச ஆரம்பித்தது.

"அதோ, முன்னால போறது நான்தான்," என்றான் டென்ஸில்.

"முன்னால போனது நான். நீ ரெண்டு தடவை வழுக்கி விழுந்தவன்," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"எல்லாம் ஒரே மூஞ்சிதான்," என்றாள் கிளாரிஸ். "ஆனா டென்ஸில், உன் சொந்த மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவல."

அத்தை சிரிக்கவில்லை. நான்கில் எது என்று கண் அலைந்தது. உருவங்கள் விண்கலத்தை நெருங்கின. கதாநாயகன் துப்பாக்கி போன்ற எதையோ தூக்கினான். இங்கேதான் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

சங்கு கேட்கவில்லை. அந்த இடத்தில் வேறொரு ஒலியை வைத்திருந்தார்கள். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றினால் வருமே, அதை நீட்டி, ஆழமாக்கி, மலைகளுக்குள் அனுப்பியது போல. நான்கு ஜந்துக்களும் நின்றன. உட்கார்ந்தன.

மண்டபம் குபீரென்று சிரித்தது. அப்புறம் அடங்கிப்போனது. ஏனென்றால் இப்போது ஒரே ஒரு ஜந்து திரை முழுக்க இருந்தது. குழியில் நான் முதுகை மட்டும் பார்த்தது.

அது மார்பைப் பிளந்து அரைநிலாவை எடுத்தது. ஒரு மூலையைக் கழுத்துக் கீறலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தது. ரப்பர் விரல் அந்த மூலையை மெல்லத் தடவியது. நின்றது. மறுபடி தடவியது. அரைநிலாவைத் திருப்பி மறு மூலையைப் பார்த்தது. அதையும் தடவியது. பிறகு அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது. ஒற்றைக் கண்ணுள்ள, மூக்கில்லாத அந்த முகத்தில் எந்த மாற்றமும் வர வழியில்லை. ஆனாலும் தோள்கள் கொஞ்சம் கீழே இறங்கின.

திரைக்குள் கதாநாயகி கிசுகிசுத்தாள்: "சுடாதீங்க. அது எதையோ தேடுது."

ஜந்து கொஞ்சநேரம் அசையாமல் இருந்தது. பிறகு முதலில் பார்த்த மூலையைப் பிய்த்து, வெள்ளைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை தொட்டது.

"தேடறார்," என்றார் அத்தை. யாரிடமும் சொல்லவில்லை. கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு விண்கலம் புறப்பட்டது, ஏதோ வெடித்தது, எல்லாம் நன்றாக முடிந்தது. எனக்கு எதுவும் ஞாபகமில்லை. விளக்கைப் போட்டதும் டென்ஸில் எழுந்து, "அத்தை, மாமாதான் நட்சத்திரம்! எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டார். என்னமா நடிச்சிருக்கார் மனுஷன்!" என்றான்.

"டீ ஆறுது, குடி," என்றார் அத்தை.

வீட்டுக்கு இறங்கும் பாதையில் பாதி தூரம் வந்திருந்தோம். மேலே மண்டபத்தில் பயிற்சி தொடங்கியிருந்தது. அடிக்குரலில் ஒரு இடம் காலியாக இருப்பது, அங்கே ஆள் இருந்ததைவிட நன்றாகக் கேட்டது.

"ரெண்டு பக்கமும் பார்த்தார்," என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

"அடியில கூடப் புரட்டிப் பார்த்தார்."

"ஆமா."

"அப்புறமும் முதல் துண்டு கீழ இருக்கறவங்களுக்குத்தான். எழுத்தில்லாத துண்டு." கொஞ்சம் நடந்தார். "கோவம் இருந்தா குடுத்திருப்பாரா?"

"மாட்டார் அத்தை."

"உனக்கென்ன தெரியும், கல்யாணமாகாதவன்," என்றார். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழுக்கலான இடத்தைத் தாண்டினார்.

திங்கட்கிழமை காலை நான் இறங்கி வந்தபோது ஜன்னல்கள் துடைத்திருந்தன. மூன்றும். மேசையில் இரண்டு பாஸ்டிகள் இருந்தன. ஒன்று எனக்கு. மற்றதை அத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதை அவர் கவனித்தார். துணியின் முடிச்சை இறுக்கிவிட்டு என்னுடையதை என் பக்கம் தள்ளினார்.

அன்று மதியம் வரைபட மேசையிலிருந்து தலையைத் தூக்கியபோது, ஜன்னலுக்கு வெளியே, குழிக்குள் இறங்கும் பாதையில் ஒரு கறுப்புத் தொப்பி நகர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. அத்தனை வருடத்தில் அவர் அந்தப் பாதையில் இறங்கியதில்லை. ஒவ்வொரு அடியையும் வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்துப் போனார். வெள்ளைத் தரை அவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிந்து, அவர் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாகப் பச்சைக் குளத்தின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நின்று நாலாபக்கமும் பார்த்தார். கூட்டமே இல்லை.

சங்கு ஊதியது.

அத்தை பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் கைகள் செய்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் காலையில் மேசையில் பார்த்திருந்தேன். மாமாவின் பெயரெழுத்துகள், மாவு சுட்டு உப்பினாலும் மறையாதபடி ஆழமாக. இந்த முறை இரண்டு மூலையிலும் கீறியிருந்தார்.